இரைச்சல் இல்லாத இசைத்தட்டு

செந்தூரன் கையை எடுத்த பிறகும் கிட்டார் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருந்தது.

சிட்னி நார்த்மீட்டில், வீட்டுக் கராஜில் தனியாளாக அவன் பதிந்த இசைத்தட்டிலும் அதே இரைச்சல்தான். பாடுவதற்கு ஆள் கிடையாது, கிட்டார் மட்டும். கொஞ்சம் புளூஸ், கொஞ்சம் ஜாஸ், கொஞ்சம் ரொக். தமிழ் வானொலியில் இசை நிகழ்ச்சி நடத்தும் விமலாதேவி அன்ரியிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தான். அவர் ஒலிபரப்பினால்தான் சிட்னியில் நாலு பேர் கேட்பார்கள்.

அன்ரி அவன் மனைவி தாட்சாயினிக்குப் போன் எடுத்திருந்தார். "சீடி கேட்டனான் பிள்ளை. ஒரு விஷயம் கேக்கோணும், ஆளை ஞாயிறு நேரில வரச்சொல்லு."

இரைச்சலைப் பற்றித்தான், வேறென்ன? செந்தூரனுக்குக் காது சுட்டது. எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்துகொண்டு போவதென்று முடிவெடுத்தான்.

மின்கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள் ஒன்று உண்டு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குவது அதுதான். ஆனால் ஆள் பார்த்துப் பழகத் தெரியாத சாமான். வீட்டு மின்சாரத்தின் துடிப்பையும் சேர்த்தே வாங்கி இரையும்.

முதலில் கராஜின் டியூப்லைட்டை அணைத்தான். இரைச்சல் குறைந்தது, இருட்டில் விரல்கள் இடம் மாறின. அடுத்து பிரிட்ஜை நிறுத்தினான். இன்னும் குறைந்தது, திரும்பப் போட மறந்ததில் கணவாய் மீனின் ஐஸ் உருகிக் குசினித் தரையில் ஓடியது.

"இனிப் பக்கத்து வீட்டுக் கரண்டையும் நிப்பாட்டப் போறியளோ?" என்றாள் தாட்சாயினி, தரையைத் துடைத்தபடி.

"அதுவும் ஒரு காரணம்தான்" என்றான் அவன், யோசனையோடு.

கடைசியில் மின்கம்பியே இல்லாத இடம் தேடி, ஹெலன்ஸ்பர்க் கோயிலையும் தாண்டிக் காட்டோரம் போனார்கள். பற்றரியில் ஓடும் கருவிகளை வைத்து வாசித்தான். இரைச்சல் இல்லை, ஆனால் வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் வந்து கத்தின. தாட்சாயினி பிஸ்கட் போட்டு அவற்றைத் தூர இழுத்துக்கொண்டு போனாள். சங்கதி பரவி இரண்டு மடங்காக வந்தன. அவுஸ்திரேலியாவின் தை மாதக் கோடை வெயிலில், காரின் பின்சீற்றில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட முழுவதையும் வாசித்து முடித்தான்.

ஞாயிறன்று அன்ரி புதிய சீடியைக் கண்மூடிக் கேட்டார். துல்லியமாக இருந்தது. ஆனால் அவர் முகம் வாடியது.

"இது வேண்டாம் தம்பி, முதல் தந்ததைத்தான் போடுவன். நான் கேக்க இருந்ததும் அதுதான்: அதில தம்பூரா வாசிச்சது ஆர்? இவ்வளவு நேரம் சுருதி அசையாமல் ஒருத்தர் வாசிச்சு நான் கேட்டதேயில்லை."