எட்டாம் பக்கத்தைக் காணோம்

மந்தைவெளி, சென்னை - 28
26.5.1997

சிரஞ்சீவி சுஹாஸுக்கு, சித்தப்பா கல்யாணராமன் செய்யும் அநேக ஆசீர்வாதம்.

பார்வை: உன் மார்ச் மாதக் கடிதம், இரண்டாம் பத்தி.

இவ்விடம் நானும் உன் சித்தி வேம்புவும் பகவத் கிருபையால் சௌக்கியம், தண்ணீர் ஒன்று தவிர. அவ்விடம் அமெரிக்காவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, படிப்பில் கவனமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது. மேற்படி இரண்டாம் பத்தியில், கம்ப்யூட்டரில் விக்கி என்று ஒன்று வந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம், ஒரு பக்கத்தில் இருந்தபடியே இன்னொரு பக்கத்துக்குத் தாவலாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதை நான் படித்தது ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் ரெக்கார்டு செக்‌ஷனில் உட்கார்ந்தேன். ஒரு ஃபைலை இடம் மாற்றி வைக்க ஒரு அதிகாரியும் விட்டதில்லை. "இருக்கிறபடி இருக்கட்டும் கல்யாணராமன்" என்பார்கள். இருந்தது. நானும் இருந்தேன். இப்போது ரிடையராகி ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

நம்ம ஃப்ளாட்ஸில் கம்ப்யூட்டர் கிடையாது, ஆனால் பன்னிரண்டு வீடு இருக்கிறது, பன்னிரண்டு வாசலிலும் ஆணி இருக்கிறது. போறாதா? ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். யாருக்கு எது தெரியுமோ அதை ஒரு அட்டையில் எழுதி அவரவர் வாசலில் தொங்கவிட வேண்டியது. தவறு இருந்தால் போகிறவர் வருகிறவர் திருத்தலாம், அதற்கு நூலில் கட்டின பென்சில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மேலும் விவரத்துக்குப் பக்கம் இத்தனை காண்க' என்று இருக்கும், மாடிப்படி ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். கீழே மீட்டர் பெட்டிமேல் பொருளடக்கம். அதுவரைக்கும் எல்லா விவரமும் முதல் மாடி ஸ்ரீரங்கன் தலையில்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பூட்டுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அந்த மனுஷர் வெளியூர் போனால் பன்னிரண்டு குடும்பமும் நாக்கு வறண்டு கிடக்கும். அசோசியேஷன் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, உன் கடிதத்தையே படித்துக் காட்டி, ஒரு மாசம் வெள்ளோட்டம், இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு, தோற்றால் அட்டையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு என்று ஒப்புக்கொண்டேன். ஸ்ரீரங்கன் அரைமனசாய்ச் சாவியைக் கழற்றிக் கொடுத்து, "ஓய், என் இடுப்புக்குப் பக்க எண் கிடையாது. ஆனா என்னைக்காவது தேடினேளா?" என்றார். சிரித்துக்கொண்டேன். உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

மூணு வாரம் ஜோராப் போச்சுடா! தரைத்தளம் கமர் ஜஹான் தண்ணீர் லாரிப் பக்கத்தை, அதாவது அஞ்சாம் பக்கத்தை, அப்படி அழகா எழுதியிருந்தா. அவ வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வெச்சிருக்காரோன்னோ, எழுத்தெல்லாம் கண் டாக்டர் அட்டை மாதிரி பெரிசு பெரிசா. சாவியும் சாவியோட பக்கமும் எட்டாம் நம்பர், அது நம்மாத்து வாசல்ல, நானே ஆணியடிச்சு மாட்டினேன். யார் பக்கத்தையும் நான் தொடக்கூடாதுன்னு எனக்கு நானே விதி வெச்சுண்டேன், எல்லாரும் எழுதற சமாச்சாரம்னா அமைப்பாளர் மூக்கை நுழைக்கப்படாது பாரு. அங்கதான் மோசம் போனேன். திருத்தலாம்னு சொன்னேனே தவிர, எதைத் திருத்தலாம்னு சொல்லலை. ஜனங்க விஷயத்தை விட்டுட்டு நம்பரைத் திருத்த ஆரம்பிச்சுட்டா!

இது எனக்குத் தெரியவந்தது போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்லை. லாரி வந்து வாசல்ல நின்னு, "பத்து நிமிஷம், அப்புறம் அடையாறு போயிடுவேன்"னு டிரைவர் ஹாரனை அழுத்தறான். ஸ்ரீரங்கன் காஞ்சீபுரம் போயிருக்கார். எனக்குத் துள்ளிக் குதிக்கணும் போல இருந்தது, இதுக்குத்தானே காத்துண்டிருந்தேன்! எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தா. நான் கையைக் கட்டிண்டு, "என்னைக் கேக்காதீங்கோ, பக்கத்தைக் கேளுங்கோ"ன்னேன். சாவி என் வாசல்ல தொங்கறதுன்னு எனக்குத் தெரியும்டா, ஆனா நானே சொல்லிட்டா அப்புறம் அது என்ன வெள்ளோட்டம்? ரெண்டாவது மாடி சுப்பராமன், வயலின் வாத்தியார், வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு பொருளடக்கத்தைப் பார்த்தார். 'தண்ணீர் லாரி: பக்கம் 5 காண்க.' "அஞ்சு நம்மாத்துலயே இருக்கே"ன்னு மேலே ஓடினார், பின்னாடியே குடத்தோட எட்டுப் பேர். அங்கே அஞ்சாம் பக்கத்துல பால் கார்டு விவரம். அது ஆறாம் பக்கம்டா! பாண்டி பஜார்ல ஒரு நியூமராலஜிக்காரன் உங்களுக்கு அஞ்சுதான் யோகம்னானாம், இவர் ஆறை அழிச்சு அஞ்சு போட்டுட்டார். உடனே யாரோ முதல் மாடியிலேர்ந்து "இங்கேயும் ஒரு அஞ்சு இருக்கு"ன்னு கத்தினா. மொத்தக் கூட்டமும் இறங்கினது. அது ஸ்ரீரங்கன் வாசல், ஃப்யூஸ் போடற விவரம், அது நாலு. அவருக்கும் அதே நியூமராலஜிக்காரன்தான்.

அப்போ அசல் அஞ்சு எங்கே? கமர் ஜஹான் கீழேர்ந்து, "அண்ணா, அது என்கிட்ட இருக்கு, ஆனா இப்ப எழுநூத்தி எண்பத்தாறு"ன்னா. தண்ணி விஷயமாச்சே, பரக்கத்தா, அதாவது குறைவில்லாம, இருக்கட்டும்னு அவாளோட பிஸ்மில்லா நம்பர் 786 போட்டாளாம். அவ மேல என்ன தப்பு, நல்ல மனசோடதான் போட்டிருக்கா. ஆனா சுப்பராமன் படியிலேயே உட்கார்ந்து, "மீதி எழுநூத்து எழுபத்து நாலு பக்கத்துக்கும் நான் ஏறணுமா கல்யாணராமன்?"னு மூச்சு வாங்கினார் பாரு, எனக்கே பாவமாப் போச்சு. அவ பக்கத்துல கடைசி வரி: 'தொட்டிச் சாவிக்குப் பக்கம் 8 காண்க.' ஏழு நிமிஷம் ஆயாச்சு. டிரைவர் பீடியை அணைச்சுட்டான். "எட்டு எங்கே, எட்டு எங்கே"ன்னு மூணு மாடியும் ஓடறது. என்னால தாங்க முடியலைடா. மானம் போனாலும் போறது, ஜனங்களுக்குத் தண்ணி வேணும்னு, "எட்டு நம்மாத்துல! வாங்கோ!"ன்னு கத்திண்டு மூணாவது மாடிக்கு ஓடினேன். அறுபது வயசுல ரெண்டு ரெண்டு படியாத் தாண்டினேன்னா நம்புவியா? வாசல்ல அட்டையைப் பிடிச்சு இழுத்தேன். பெரிசா எழுதியிருக்கு: 'பக்கம் 9. ஜவ்வரிசி வடாம். மொட்டை மாடியில் காய்கிறது. யாரும் மிதிக்காதீர்கள்.'

சாவியும் இல்லை, எட்டும் இல்லை. உன் சித்தி கரண்டியோட வெளில வந்து நிக்கறா. "எட்டு சனி நம்பர். சனியை யாராவது வாசல்ல ஆணியடிச்சு மாட்டுவாளா? எடுத்து வேலம்மாகிட்ட குடுத்து பத்து நாளாச்சு"ங்கறா! பத்து நாளா அந்த வாசல் வழியாத்தான் போய் வந்துண்டிருக்கேன். அட்டை தொங்கறது, பென்சில் தொங்கறது, வேறென்ன பார்க்கணும்னு இருந்துட்டேன். கீழே லாரி உறுமற சத்தம் கேட்டது. அந்த நிமிஷம் சுஹாஸ், எனக்கு அழுகையே வந்துடுத்து. முப்பத்திரண்டு வருஷம் என்னை ஃபைலைத் தொட விடாதவன் செஞ்சதுதான் சரியோன்னு தோணிடுத்து.

அப்போ கீழே தெரு வாசல்லேர்ந்து ஒரு குரல். நம்ம படி பெருக்கற வேலம்மா. பட்டினப்பாக்கத்துக்காரி, அவ கத்தினா லைட் ஹவுஸ் வரைக்கும் கேக்கும். "யோவ் நைனா, வண்டிய நிறுத்து! இன்னா சார், அல்லாரும் மேலயும் கீயயும் ஓடிக்கினு கீறீங்க? சாவி தோ கீது! உங்கூட்டு அம்மா கண்ணுல படாத எடத்துல மாட்டுன்னுச்சு, என் தொடப்பம் மாட்ற ஆணில மாட்டிகிறேன்." எந்த ஆணி? தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயே, அதே சுவத்துல! லாரிக் குழாய்க்கும் சாவிக்கும் நடுவுல ரெண்டு முழம்கூட இல்லை. பூட்டைத் திறந்தோம், தண்ணி விழற சத்தம் கேட்டதும் கமர் ஜஹான் கையைத் தட்டினா, சுப்பராமன் என்னைக் கட்டிண்டுட்டார். டிரைவர் கூட சிரிச்சுட்டான்.

நேத்து ஓட்டெடுப்பு. ஸ்ரீரங்கன் எல்லாத்தையும் கேள்விப்பட்டுண்டு இடுப்பைத் தட்டிண்டே வந்தார். தொலைஞ்சோம்னு இருந்தேன். கமர் ஜஹான் எழுந்து, "நம்பராலதானே வம்பு? நம்பரே வேணாம், பேர் வெச்சிடுங்க. லாரி, சாவி, பால். யாருக்குப் பிடிக்காது?"ன்னா. எனக்கு உடம்பு சிலிர்த்துடுத்து. உன் லெட்டரை எடுத்துப் பார்த்தா மூணாவது பத்தியில நீயே எழுதியிருக்கே, பக்கங்களுக்குப் பேர்தான், நம்பர் கிடையாதுன்னு! நான் ரெண்டாவது பத்தியோட நின்னுட்டேன். பதினோரு தடவையும். ஓட்டு எண்ணினோம், பதினொண்ணுக்கு ஒண்ணு, ஜெயிச்சாச்சு! நான் நிரந்தர அமைப்பாளர்! எதிர்த்துப் போட்டது ஸ்ரீரங்கன்னு நினைக்காதே, அவர்கூட எனக்குத்தான் போட்டார். அமைப்பாளர் ஓட்டுப் போடப்படாதுன்னு அவர் சட்டம் பேசினதால நம்மாத்து ஓட்டை உன் சித்தி போட்டா. "ரிடையரானா ஆத்துல இருப்பார்னு பார்த்தேன், மாடிப்படியிலேயே குடியிருக்கார்"னு காரணமும் சொன்னா.

ஆகவே, மேற்படி திட்டம் பூரண வெற்றி என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீ சகல க்ஷேமத்துடன், நல்ல மார்க்குடன், மூன்றாவது பத்தி வரை படிக்கும் பொறுமையுடன் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் சித்தப்பா,
ரா. கல்யாணராமன்
(நிரந்தர அமைப்பாளர்)

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை லாரி மறுபடி வந்துவிட்டது. வியாழக்கிழமை ஏறி இறங்கினதில் எல்லாருக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கிறது. ஒருத்தரும் ஒரு பக்கத்தையும் பார்க்கவில்லை. சுப்பராமன் நேராகத் துடைப்ப ஆணிக்குப் போய்ச் சாவியை எடுத்தார், நாலே நிமிஷம், தொட்டி நிறைந்து லாரியும் போய்விட்டது. நான் மட்டும் 'லாரி' பார்த்து, 'சாவி' காண்க என்று இருந்ததால் 'சாவி'யைத் தேடிக்கொண்டு மூன்றாவது மாடியில் நின்றிருந்தேன். அந்த அட்டை வடாம் தட்டுக்கு அடியில் இருந்தது. உங்கள் விக்கியில் எல்லாருக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டால் அமைப்பாளரை என்ன செய்வார்கள்? உடனே எழுது. முழுக்கப் படிக்கிறேன்.