நடுவில் ஆள் இல்லாத பாவசங்கீர்த்தனம்

கடவுளுக்குக் காது நன்றாகக் கேட்கும்; கத்தத் தேவையில்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய அறுபத்து மூன்று வயது ஆனது. புரிந்த விதம்தான் கேவலம்.

அப்போது எங்கள் பென்னலூர்ப் பக்கம் கம்பெனிகள் வந்து நிறைந்துவிட்டிருந்தன. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வரிசையாக அறைகள் கட்டி, தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். நான் படித்தது மூணாங்கிளாஸ். கையெழுத்துப் போடுவேன், கோயில் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் டிப்ளமோ படித்த பையன்கள் எல்லாம் என்னை ‘ஓனரம்மா’ என்று கூப்பிடுவார்கள். அவர்கள் படித்த காலேஜில் அந்தப் பட்டம் தருவார்களா?

இன்னொரு பட்டமும் எனக்கு உண்டு. எங்கள் தகரக் கொட்டகைக் கோயிலில் நான் மாதர் சங்கத் தலைவி. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க மீன், கறி, முட்டை எதுவும் என் அடுப்பில் ஏறாது. என் அடுப்பில் ஏறாமல் இருந்தால் போதாது, ஊர் அடுப்பிலும் ஏறக்கூடாது என்று நினைக்கிற ரகம் நான். முட்டை வாங்கிக்கொண்டு போன சங்கத்துப் பெண் ஒருத்தியை நடுத்தெருவில் நிறுத்தி, “ஆண்டவர் உனக்கோசரம் சிலுவை சுமந்துகினு போறாரு, உனக்கு ஆம்லெட் கேக்குதா?” என்று கேட்டவள். (காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு வாங்கினாளாம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?)

அந்தத் தவக்காலத்தில்தான் இசக்கி என்ற பையனுக்கு அவன் அம்மா ஊரிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா அனுப்பினாள். உள்ளே நெத்திலிக் கருவாடு. மிளகாயும் பூண்டும் போட்டு மொறுமொறுவென்று வறுத்தது.

நான் ஃபேனை நிறுத்தத்தான் போனேன். பையன்கள் ஃபேனை ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. ஃபேன் நின்றது. வாசனையும் நின்றது, அதாவது, போகாமல் என் மூக்கிலேயே நின்றது. ஒன்று எடுத்து வாயில் போட்டேன். நெத்திலி இத்தனூண்டு மீன். அதைத் தின்றால் மீன் தின்றதாகுமா என்று எனக்கே சந்தேகம். சந்தேகம் தீர இன்னொன்று. மறுநாளும் ஃபேனை நிறுத்தப் போனேன். அதற்கு மறுநாள் ஃபேன் ஓடவே இல்லை. ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளப் போனேன்.

டப்பா அநேகமாகக் காலியானபோது அறையில் சண்டை வந்தது. மாட்டிக்கொண்டவன் முருகேசன். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் அவனுக்கு மட்டும் மத்தியான ஷிப்ட். கடைசியாகப் பூட்டிவிட்டுப் போகிறவன் அவன்தான். அதுவும் வேலை பெர்மனெண்ட் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போட்டு விரதம் இருந்தான்.

“வெளிய மாலை, உள்ள கருவாடு! இதெல்லாம் ஒரு பொழப்பால?” என்று இசக்கி கத்தினான்.

“நான் தொட்டிருந்தா அந்த முருகன் எனக்கு வேலையே தராம போகட்டும்!”

“சாமி பேர இழுக்காத. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற ரூம் பாத்துக்கோ.”

முருகேசன் வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். “ஓனரம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவனா?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “விரதம்னா விரதமா இருக்கணும் தம்பி” என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். கருவாட்டுத் திருடன் என்ற பேரும் கம்பெனி பஸ்ஸில் அவனோடு ஏறிப் போகும். உண்மை வெளியே வந்தாக வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வரக்கூடாது. இதுதான் என் நிலைமை.

எப்படியும் ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது எங்கள் வழக்கம். எங்கள் கொட்டகையில் அதற்கென்று கூண்டு கிடையாது. சாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு பழைய வேட்டித் திரை, இந்தப் பக்கம் பாவி. புதுச் சாமியார், என் மகன் வயசு.

“சாமி, ஒருத்தி கருவாடு எடுத்துத் துன்னுட்டா.”

“ஒருத்தின்னா யாரும்மா?”

“எங்க தெருவுல கீறா.”

“அவங்களையே வரச் சொல்லுங்க.”

“முழங்கால் வலி சாமி. முட்டி போட முடியாது” என்று முட்டி போட்டபடியே சொன்னேன்.

“சரி. பழி வேற யார் மேலயாவது விழுந்துச்சா?”

“ஒரு பையன் மேல சாமி.”

“அப்போ அந்தம்மா முதல்ல அவன்கிட்ட போய் உண்மையைச் சொல்லட்டும். அப்புறம் இங்க வரட்டும்.”

நாற்பது வருஷமாகக் கோயிலுக்கு வருகிறவளுக்கு இந்த மரியாதை!

மறுநாள் தண்டலத்திலிருந்து என் சம்பந்தி கிரேஸ் வந்தாள். என் மருமகளைப் பெற்றவள், பெந்தேகோஸ்து சபைக்காரி. விஷயத்தைச் சொல்லாமல், சாமியார் ரொம்பக் கறார் என்று மட்டும் சொன்னேன்.

“நடுவுல ஒரு ஆளு எதுக்கு சம்பந்தி?” என்றாள். “உங்க பசங்களையே கேட்டுப் பாருங்க. கான்ட்ராக்டர் மூலமா போனா கடைசி வரைக்கும் அவன் கைய பாத்துகினு நிக்கணும். கம்பெனியே டைரக்டா எடுத்தாத்தான் மரியாதை. நாங்கல்லாம் டைரக்ட். நீங்கதான் கான்ட்ராக்ட்ல கீறீங்க.”

நான், மாதர் சங்கத் தலைவி, கான்ட்ராக்டா? ரோஷம் வந்துவிட்டது. “டைரக்ட்னா இன்னா பண்ணணும்?”

“கதவைச் சாத்திகினு, வாயைத் திறந்து, சத்தமா, பாவத்தோட பேரைச் சொல்லிச் சொல்லணும். மனசுக்குள்ள முணுமுணுக்கிறதெல்லாம் மேல போவாது.”

எங்கள் வீட்டில் எப்போதும் மருமகள் இருப்பாள். ஆனால் பையன்களின் அறைக்குப் பக்கத்து அறை காலி. மத்தியானம் மூன்று மணிக்கு முருகேசன் போயிருப்பான், மற்றவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். அந்தக் காலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். (பக்கத்து வாசலில் மூன்று ஜோடி கம்பெனி ஷூ கிடந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவளுக்கு ஷூவா தெரியும்?)

இரண்டு கையையும் தூக்கினேன். “ஆண்டவரே! இசக்கி வூட்டு நெத்திலிக் கருவாட்டைத் துன்னது நான்தான்! தவக்காலத்துல துன்னேன்! அந்தம்மா உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டாங்க, அது வேற விஷயம்! முருகேசன் பாவம், அவன் ஒரு வாலுகூடத் தொடல!”

மூச்சு வாங்க நிறுத்தினேன். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பம் முருகேசன் எடுக்கலியா?”

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் சாமியார் வழியாகச் சொல்லியும் மேலேயிருந்து ஒரு பதில் வந்ததில்லை. டைரக்டாகப் பேசின முதல் நாளே பதில்! ஒரே ஒரு உறுத்தல்: ஆண்டவர் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறார். (பேசட்டும், அவருக்குத் தெரியாத பாஷையா? ஆனால் எங்கள் பக்கம் வரும்போது எங்களை மாதிரிப் பேசியிருக்கலாம்.)

“இல்ல ஆண்டவரே, நான்தான்.”

“முழுசுமா?”

“முழுசும் இல்ல. அடியில கொஞ்சம் தூள் கீது.”

குரல் கனத்தது. “வேற என்ன செஞ்ச? மறைக்காம சொல்லு.”

“போன வாரம் மோட்டார் ரிப்பேர்னு சொன்னேன். ரிப்பேர் இல்ல ஆண்டவரே. பசங்க தண்ணிய ஆறா ஓடவுடறாங்கன்னு நான்தான் ஆஃப் பண்ணி வச்சேன்.”

“அடப்பாவி!”

இது வேறு குரல். நான் பதறவில்லை. பிதா ஒருவர், சுதன் ஒருவர், கணக்குச் சரிதான் என்று நினைத்தேன். அப்போது மூன்றாவதாக ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். பரிசுத்த ஆவி சிரிக்கும் என்று எந்தச் சாமியாரும் எனக்குச் சொன்னதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அறைக்கு அறை நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது; செங்கல்லை மிச்சம் பிடிக்க நானே பாதியில் நிறுத்தச் சொன்னது. அந்த இடைவெளியில், பரட்டைத் தலையோடு இசக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள்தான் மூன்று பேரையும் நைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அசந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களை நான்தான் எழுப்பியிருக்கிறேன்.

வெளியே வந்தேன். வராமல் அங்கேயே குடியிருக்க முடியாதே. மூன்று பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்கள். இசக்கி முருகேசனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். “மன்னிச்சிருல. புத்தியில்லாம பேசிட்டேன். நீ எங்கயும் போவாண்டாம்” என்றான்.

முருகேசன் என்னைப் பார்த்தான். சிரித்த முகம் மாறிவிட்டது. “அன்னைக்கு இதே வாசல்ல நின்னு எனக்குப் புத்தி சொன்னீங்களே, ஓனரம்மா.”

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன்.

“தப்புதான் தம்பி. உன் மேல பழி போடவுட்டுட்டு வேடிக்கை பாத்தேன்” என்றேன். என் ஆயுசில் நடுவில் யாரும் இல்லாமல் நான் செய்த முதல் பாவசங்கீர்த்தனம் அதுதான். அவன் தலையை ஆட்டினான். பிறகு, “மோட்டாரப் போடுங்க, குளிக்கணும்” என்றான்.

சனிக்கிழமை திரும்பவும் வேட்டித் திரைக்கு முன்னால் முட்டி போட்டேன்.

“அந்தம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?” என்றார் சாமியார்.

“தேவலாம் சாமி. நடந்தே வந்துட்டாங்க.”

மன்னிப்புக் கிடைத்தது. வெளியே வந்தால், நான் நடுத்தெருவில் நிறுத்தின அந்த முட்டைக்காரி நிற்கிறாள். “அக்கா, கருவாட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலாமே?” என்றாள். சாமியாரிடம் சொன்னது இன்றுவரை அந்தத் திரையைத் தாண்டவில்லை. டைரக்டாகச் சொன்னது ஒரகடம் வரை போய்விட்டது. கிரேஸிடம் சண்டைக்குப் போனால், “சத்தமா சொல்லச் சொன்னேன், பக்கத்துல ஆள் கீதான்னு பாக்க வேணாம்னா சொன்னேன்?” என்கிறாள்.

இப்போதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு முட்டி போட்டால் போதும், வெளியிலிருந்து என் மகன் குரலைக் கனமாக்கி, “வேற என்ன செஞ்ச? மறைக்காம சொல்லு” என்பான். வீடே சிரிக்கும். நானும் “போடா அந்தாண்ட” என்பேன். ஆனால் பழக்கம் பாருங்கள், முட்டி போட்டிருக்கும்போது யாராவது கேட்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. போன மாதம் அப்படித்தான், டாக்டர் தொடவே கூடாது என்று சொன்ன அதிரசத்தை எந்தப் பானையில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதை அவனிடமே சொல்லிவிட்டேன்.