பட்டைக் காலுக்கு ஆகாத சாமான்கள்

இனி இந்த வீட்டில் ஒரு துரும்பைக்கூடத் தூக்குவதில்லை என்று ஹார்லன் கிராபோவ்ஸ்கி முடிவு கட்டினார். அதற்குக் காரணம் நீதிமன்றம்தான், பாவம், மனுஷன் மேல் பழி போடக் கூடாது.

குடித்துவிட்டு டிரக்கை ஓட்டிப் பக்கத்து வீட்டு வாசலில் கம்பத்தில் நின்ற தபால் பெட்டியைச் சாய்த்தார். அமெரிக்காவில், அதுவும் விஸ்கான்சின் மாநிலத்தில், அது சிரித்துவிட்டு மறக்கிற விஷயம். ஆனால் இது இரண்டாவது பெட்டி. நீதிபதி சிரிக்கவில்லை. தொண்ணூறு நாள் ஒரு சொட்டு கூடாது. கணுக்காலில் ஒரு பட்டை. அது அரைமணிக்கு ஒருதரம் வியர்வையை மோந்து பார்த்துக் கோள் சொல்லும். சுத்தமாக இருந்தால் ஓட்டுநர் உரிமம் திரும்ப வரும், டுலூத் நகரத்தில் மகள் டினாவுக்குப் பிறக்கப்போகும் குழந்தையைத் தானே டிரக் ஓட்டிப் போய்ப் பார்க்கலாம். இல்லாவிட்டால் முப்பது நாள் ஜெயில், குழந்தையைப் போட்டோவில்தான் பார்க்க வேண்டும். ஹார்லன் நிஜமாகவே குடிக்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வினை ஒரு காகிதத்தில் வந்தது. ஆல்கஹால் கலந்த சாமான் பட்டையில் பட்டால் குடித்ததுபோலத் தப்பாகக் காட்டுமாம். அதனால் வாய் கொப்பளிக்கும் மருந்து, ஷேவிங் லோஷன், கைக்குப் போடும் ஜெல், ஜன்னல் துடைக்கும் ஸ்பிரே எதையும் தொடாதீர்கள் என்று நன்னடத்தை அதிகாரி திருமதி பெக் அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஹார்லன் கண்ணுக்கு ஜன்னல் மட்டும் பளிச்சென்று பட்டது. நேரே நூலகத்துக்கு நடந்தார். அங்கே கம்ப்யூட்டரில் அதே எழுத்தில் இரண்டாம் பக்கம் ஒன்றைத் தானே தட்டி அச்செடுத்து வந்தார். பாத்திர சோப்பு, துணி சோப்பு, தரை துடைக்கும் தண்ணீர், குப்பைக்கூடை.

"குப்பைக்கூடையுமா?" என்றாள் மனைவி மார்லிஸ்.

"பழத்தோல் புளிச்சா ஆல்கஹால் வருமாம். நான் என்ன பண்றது, சயின்ஸ் அப்படி."

மார்லிஸ் அதை இரண்டு தரம் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். சரி, நீ ரெஸ்ட் எடு என்றாள். முப்பத்திநாலு வருஷமாக எதற்கும் சரி சொல்லாதவள் சரி என்கிறாளே என்று ஹார்லன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் எண்பது நாள் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தார்.

எண்பத்தொன்றாம் நாள், திங்கட்கிழமை, திருமதி பெக் ஆபீசிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டை கோள் சொல்லியிருக்கிறது, உடனே வரவும்.

அந்த மூன்று மணிக்கு மார்லிஸ் தேவாலயத்தில் இருந்தாள். ஹார்லன் அரைக்கால் சட்டையோடு, வாசலில் நின்ற தன் மீன்பிடிப் படகில் ஏறி நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே, அதன் கண்ணாடியை அந்த ஜன்னல் ஸ்பிரே அடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். காலெல்லாம் வழிந்தது. உண்மையைச் சொன்னால் ஜெயில் இல்லை. ஆனால் டிரக்கை ஓட்டிக் கூட்டிப் போகிறவள் மார்லிஸ், பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவளும் மார்லிஸ். ஜெயிலாவது முப்பது நாளில் முடிந்துவிடும்.

ஆகவே அதிகாரி முன்னால் வெள்ளிக்கிழமை மீன் விருந்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் மீனுக்கு மாவு கரைப்பதே பீரில்தான்.

"மாவுல இருந்த பீரா இருக்கும் மேடம். நாலு துண்டு சாப்பிட்டேன்."

"ஏழு," என்றாள் மார்லிஸ்.

திருமதி பெக் திரையைத் திருப்பிக் காட்டினார். "வெள்ளிக்கிழமை மீன் சனிக்கிழமை மத்தியானமா ஏறும்? குடிச்சா கோடு மெதுவா ஏறி மெதுவா இறங்கும். இது சட்டுன்னு ஏறிச் சட்டுன்னு விழுந்திருக்கு. கால்ல ஏதோ பட்டிருக்கு. என்னன்னு சொன்னா இங்கேயே முடிச்சிடலாம். சொல்லலைன்னா நீதிபதிகிட்டதான் போகணும்."

ஹார்லன் பேரக்குழந்தையை நினைத்தார். மார்லிஸை ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"படகு... படகுக் கண்ணாடியைத் தொடச்சேன்."

மார்லிஸ் கைப்பையைத் திறந்து ஸ்பிரே பாட்டிலை மேஜையில் வைத்தாள். அதில் பேனாவால் இரண்டு கோடு.

"வெள்ளிக்கிழமை மேல் கோடு, சனிக்கிழமை சாயங்காலம் கீழ்க்கோடு. வீட்டு ஜன்னல்ல போன வருஷத்து ஈ அப்படியே ஒட்டிட்டிருக்கு மேடம். குறைஞ்சது வேற எங்க போயிருக்கும்? இவர் குடிக்கல, அதுக்கு நான் சாட்சி." அடுத்து இரண்டாம் பக்கத்தை எடுத்தாள். "இதுவும் உங்க ஆபீஸ் பேப்பர்தானா?"

திருமதி பெக் படித்தார். குப்பைக்கூடை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குடிக்கவில்லை, மேலே பட்டதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியானால் இவர் பயமில்லாமல் எதைத்தான் தொடலாம் என்று மார்லிஸ் பணிவாகக் கேட்டாள். வினிகர், சமையல் சோடா, வெந்நீர் என்றார் அதிகாரி. அதையும் எழுதி ஒரு சீல் வைத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மிச்சம் ஒன்பது நாள். ஹார்லன் ஈ துடைத்தார், தரை துடைத்தார், குப்பைக்கூடையைக்கூடத் தேய்த்தார். பத்தாம் நாள் பட்டையை வெட்டி எடுத்தார்கள். உரிமம் கைக்கு வந்தது. டினாவுக்குப் பெண் குழந்தை. டிரக்கில் ஏறிச் சாவியைப் போட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மார்லிஸ் அவர் கைமேல் கை வைத்தாள்.

"எனக்கு உன்னை நெனச்சா சந்தோஷமா இருக்கு, ஹார்லன். நிஜமா."

தெருவைத் தாண்டினார்கள். தபால் பெட்டி நிமிர்ந்தே நின்றது. பின்னால் ஏதோ களக் களக்கென்று குலுங்குகிறதே என்று ஹார்லன் கேட்டார்.

"வினிகர், ரெண்டு கேன்," என்றாள் மார்லிஸ், சீல் வைத்த காகிதத்தை மடியில் நீவிக்கொண்டே. "டினா வீட்டுல பதினாலு ஜன்னல்."