புள்ளி குத்தும் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்

சேசு மரி சூசை துணை

காரைக்குடி,
14.11.1998

அன்பும் பண்பும் கம்ப்யூட்டர் ஞானமும் நிறைந்த மாப்பிள்ளை செல்வின் அவர்களுக்கு, மாமனார் உபகாரசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே மழை நலம், கோழிகள் நலம், உங்கள் அத்தை நலத்துக்கு மேல் நலம். நான் மட்டும் நலமில்லை. கண் போனவன் கடிதம் எழுத முடியாதாகையால், நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் அத்தை அருளம்மாள்தான். இடையில் அவள் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நான் பொறுப்பல்ல. (சேர்க்கவில்லை. அ.)

விஷயம் இதுதான். மெட்ராஸிலிருந்து லாரியில் நீங்கள் அனுப்பிய, தாளில் புள்ளி குத்தும் பிரெயில் அச்சுப் பெட்டியை, அதன் தலைமேல் உட்காரும் கம்ப்யூட்டரோடு சேர்த்து, தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொண்டு போகவும்.

நான் நன்றி கெட்டவன் இல்லை. பார்வை போனதிலிருந்து உங்கள் அத்தை எனக்குப் படித்துக் காட்டுவது புனிதர்களின் கதையான அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம் ஒன்றைத்தான். நானோ ஒரு துப்பறியும் நாவலில் பாதியில் நிற்கிறேன். ஜமீன்தாரைக் கொன்றவன் யாரென்று தெரியாது. கேட்டால், “கொலைகாரப் புஸ்தகத்தை என் வாயால படிக்க மாட்டேன், வேணும்னா புனித அந்தோணியாரைப் படிக்கவா?” என்கிறாள். யாரையும் கெஞ்சாமல், எனக்குப் பிடித்ததை நானே படிக்க வேண்டும், சாவதற்குள் அது ஒன்று போதும் என்று போனில் மகள் ஜெசியிடம் அழுதேன். நீங்களும் பெட்டியை அனுப்பினீர்கள். பிறவியிலேயே பார்வையில்லாத டீச்சர் ஆரோக்கிய ஷீலா ஞாயிறு பூசை முடிந்து வந்து எனக்குப் புள்ளி எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அதுவரை எல்லாம் சரி.

பிறகு நாவலை டைப் செய்து பிளாப்பியில் வாங்கிவந்து பெட்டியை ஓட்டினோம். ஐயோ, அந்தச் சத்தம்! பாத்திரங்கள் அலமாரியிலிருந்து குதித்தன. தன் பேரன் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த வீட்டுச் சொந்தக்கார தேனம்மை ஆச்சி ஓடிவந்து, “வாத்தியாரே, கல்யாண வீட்டுல என்னத்தை இடிக்கிறீக?” என்றார்கள். “படிக்கிறேன் ஆச்சி” என்றேன். “படிக்கிறதுக்கா இம்புட்டுச் சத்தம்? கண்ணு நல்லா இருந்தப்ப நல்லாத்தானே படிச்சீக?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வந்த தாளைத் தடவிய ஷீலா, “சார், இது தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல” என்றாள். கம்ப்யூட்டர் திரையில் தமிழாகத் தெரிவது பெட்டிக்கு இங்கிலீஷ் எழுத்தாகத்தான் போய்ச் சேருகிறதாம். அதற்கு நீங்கள் வேறொரு பிளாப்பி அனுப்பிய பிறகு தமிழ் தமிழாகவே வந்தது. ஒரு புத்தகம் முழுக்கக் குத்தி முடித்து, கர்த்தருக்கு நன்றி சொல்லித் தூங்கி எழுந்தால் உங்கள் அத்தை, “மழை ஈரத்துல தாளெல்லாம் வேர்க்குரு மாதிரி பொரிஞ்சு போச்சுங்க, இஸ்திரிக்கார வீரையாகிட்ட குடுத்து நல்லா அழுத்தித் தேச்சு வாங்கிட்டேன்” என்று பெருமையாக நீட்டுகிறாள். அத்தனை தாளும் வழுவழுவென்று இருந்தன. (நல்லதுக்குத்தான் செய்தேன். அ.)

தாளும் தீர்ந்துபோனது. கெட்டியான தாள் வேண்டுமென்று ஆச்சியிடம் கேட்டு, கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை வாங்கிப் பின்பக்கத்தில் குத்தலாம் என்று நானே செருகினேன். முன் எது பின் எது என்று எனக்கென்ன தெரியும்? கண் இருந்தபோது நான் நிறுத்திய இடத்தில் துப்பறிகிறவர் அறைக் கதவைத் திறக்கிறார்; உள்ளே நிற்பது யாரென்று ஆவலோடு தடவினால் தும்பிக்கையும் தொந்தியும் தட்டுப்படுகின்றன. இது என்ன எழுத்து என்று ஒரு பொழுது முழுக்கத் தடவிய பிறகுதான் அது பத்திரிகையில் மேடாக அச்சடித்த தங்கப் பிள்ளையார் என்று உங்கள் அத்தை சொன்னாள்.

கடைசியில் ஷீலா கொஞ்சம் நல்ல தாள் கொண்டுவந்து, நான் விட்ட இடத்திலிருந்து ஓர் அத்தியாயம் குத்திக் கொடுத்தாள். இப்போதும் மடியில்தான் கிடக்கிறது. “அமுக்காதீக சார், சும்மா தொட்டுக்கிட்டே போங்க” என்கிறாள். தொட்டால் ஒன்றும் தெரியவில்லை, அமுக்கினால் புள்ளி நசுங்குகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியன், ஒரு சொல்லைக் கூட்டி வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. என் விரல் செத்த விரல். இனி எனக்குப் புத்தகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மீதி நாளை அந்தோணியாரோடு கழித்துக்கொள்கிறேன். அடுத்த லாரியில் பெட்டியை ஏற்றிவிட ஆள் அனுப்பவும்.

உங்களுக்கும் ஜெசிக்கும் தேவமாதா எல்லா நன்மைகளும் தந்து காப்பாளாக.

இப்படிக்கு,
உபகாரசாமி

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறது. “தேவமாதா”ன்னு சொன்னவுக அதோட நிறுத்திட்டாக. “தேவமாதா என்ன செய்யணும், சொல்லுங்க”ன்னேன். நிமிந்து பாத்தா, விரல் மடியில கெடந்த தாள்மேல ஊர்ந்துக்கிட்டிருக்கு, உதடு முணுமுணுக்குது. ஆசீர்வாதத்தையும் கையெழுத்தையும் நானே போட்டுட்டேன். சாப்பிடக் கூப்பிட்டேன். “இருடி, இந்தப் பக்கம் முடியட்டும்”னு எரிஞ்சு விழுந்தாக. கண்ணு இருந்தப்ப தெனமும் இதே பதிலுதான், தெனமும் சண்டைதான். கண்ணு போனதுக்கப்பறம் கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சு வந்து உக்காருவாக. அதைப் பாத்து எனக்குத்தான் சோறு எறங்காது. பெட்டிய எடுக்க யாரையும் அனுப்பிராதீக, தாள் மட்டும் நெறைய அனுப்புங்க. குழம்பு ஆறிப்போச்சு, மறுபடியும் கூப்பிட்டுட்டேன், இன்னும் வரலை.