ஆறு கம்பெனிகளின் அசிஸ்டன்ட்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே அசிஸ்டன்ட் கால் வைக்காத கபடித் திடல் கிடையாது. அவர் தலைமை தாங்கிய அணியும் கிடையாது. பதினொரு வருடத்தில் ஆறு கம்பெனி. பெயருக்கு ஸ்டோரில் வேலை. உண்மையான உத்தியோகம் கம்பெனி கபடி அணியின் துணைப் பயிற்சியாளர். ஆறிலும் துணைதான். முருகன் என்ற சொந்தப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும்.

அவருடைய முன்னேற்றப் பாதை நேரானது. தலைமைப் பயிற்சியாளர் சண்டை போட்டுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போவார். இவரும் டிபன் பாக்ஸோடு பின்னாலேயே போவார். "புரமோஷனா?" என்று கேட்டால், "இல்ல சார், கம்பெனி கேட்டு மட்டும் மாறிச்சு" என்பார்.

எங்கள் கம்பெனிக்கு வந்தபோது ஒரு வியாதியையும் கூட்டி வந்தார். செல்போனில் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பார். முட்டை வடிவப் பந்துக்காக மூட்டை மூட்டையாக மனிதர்கள் விழும் ஆட்டம். விதி ஒன்றுகூட அவருக்குப் புரியாது. ஆனால் அங்கே ஓர் அணிக்கே பத்துப் பதினைந்து துணைப் பயிற்சியாளர்கள் என்று தெரிந்ததும், சீமையில் பங்காளிகள் கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். உதட்டசைவை எதிரணி படித்துவிடாமல் அவர்கள் அட்டையால் வாயை மூடிப் பேசுவதையும் பார்த்தார். மறுநாளே ஸ்டோர் அட்டை திடலுக்கு வந்துவிட்டது.

எதிர்க்கோட்டுக்குள் பாடிப் போகிறவன் சுடலை, எங்கள் உற்பத்தி லைனில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். "அண்ணே, நீங்க சொல்லுதது ஒண்ணுமே கேக்கலையே" என்று கெஞ்சினான்.

"உனுக்கே கேக்கலன்னா அவனுக்கு எப்பட்றா கேக்கும்? அதான் டெக்னிக்கு!"

கம்பெனிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கையில், தலைமைப் பயிற்சியாளர் வழக்கம்போலக் கோபித்துக்கொண்டு போனார். அசிஸ்டன்ட் இந்தமுறை போகவில்லை. மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "கப்பு நம்மகிட்ட வரட்டும், ஹெட் கோச் நீங்கதான்" என்று சொல்லியிருந்தார்.

உடனே படப்பை அச்சகத்துக்கு போன் போட்டு பேனர் சொன்னார். "மேல பெருசா என் பேரு. முருகன், துணை..." பதினொரு வருடப் பழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டு, "தலைமைன்னு போடுப்பா" என்று அவர் திருத்துவதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

போட்டியன்று பேனர் வந்தது. தலைப்பில் கொட்டை எழுத்தில் 'முருகன் துணை'. ஒரு பக்கம் வேல், மறுபக்கம் மயில். பயிற்சியாளர் பெயர் எங்குமே இல்லை. மேலாளர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"யோவ், அது நான்யா!" என்று போனில் கத்தினார் அசிஸ்டன்ட்.

"சாமி விசயத்துல இன்னா விளையாட்டு நைனா?" என்றார் அச்சடித்தவர்.

ஆட்டம் முடிய, நாங்கள் பாடிப் போக ஒரே ஒரு பாட்டு பாக்கி. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். சுடலையின் முழங்கால் வீங்கிப் பலாக்காய் மாதிரி இருந்தது. கூட்டம் கைதட்டி அவன் பெயரைச் சொல்லி அலறியது. அவன் எழுந்தான். அசிஸ்டன்ட் அவன் முழங்காலைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். அட்டையைக் கீழே போட்டார்.

"குந்துடா."

"ஒரே பாட்டுதானண்ணே, போயிட்டு வந்துருதேன்."

"குந்துன்றேன்ல! நாளிக்கு லைன்ல எட்டு மணி நேரம் உனுக்குப் பதிலா எவன் நிப்பான்? கைதட்றானே, இவனா?"

அவர் சொன்னது அன்றைக்குத்தான் திடல் முழுக்கக் கேட்டது. சுடலைக்குப் பதிலாகப் போன பையனை நாலே விநாடியில் அமுக்கிவிட்டார்கள். கப்பு போனது. மேலாளர் ஷூவை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

மாதக் கடைசியில் அசிஸ்டன்ட் தண்டலம் பக்கம் ஏழாவது கம்பெனிக்குப் போய்விட்டார். என்னவாக என்று கேட்காதீர்கள்.

ஆனால் போட்டிக்கு மறுநாள் காலை டைம் ஆபீசில் இருந்தவன் நான். ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து ஐம்பத்திரண்டுக்கே சுடலை நொண்டிக்கொண்டு, ஆனாலும் தன் காலில், கேட்டைத் தாண்டி வந்தான். ஸ்டோர் வாசலில் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்த அசிஸ்டன்ட், அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார்.