களத்தை விட்டு எழுந்திருக்காத உளுந்து

கரியமாணிக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரில் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே சுகமாயிருக்கும் மச்சான் குமரவேலுக்கு, உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான மாமன் பலராமன் எழுதுவது. உன் அக்கா மஞ்சுளா நலம். என் நலம் அவள் அனுமதிக்கிற அளவுக்கு. போனிலேயே அனுப்பியிருப்பேன். காலை வணக்க ரோஜாக்கள் நிறைந்து அது ஒரு வரியைக்கூட ஏற்க மாட்டேன் என்கிறது.

நீ நம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது, மெமரி எப்படி வீணாகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்குங்கள் என்றாயே, விளக்கினேன் மச்சான், மூன்றாம் வகுப்பே வாயைப் பிளந்தது! மெமரி என்பது நம்ம ஊர் நெற்களம், புரோகிராம் என்பது காயவைக்க வருகிற ஆள், காய்ந்ததும் அள்ளிக்கொண்டு இடத்தை விடுகிறவன் நல்லவன், கைப்பிடி உளுந்தைத் தார்ப்பாயில் மூடி, சுற்றிப் பாதிக் களத்துக்குக் கல் வைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன் கெட்டவன், அவனால்தான் மற்றவனுக்கு இடமில்லாமல் மெஷின் திணறுகிறது என்றேன். பேர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும், அந்த உளுந்துக்காரர் பச்சையப்பனின் பேத்தி அருள்மொழி முதல் பெஞ்சிலேயே இருந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து, மழையில் மாட்டிய நெல்லை அறுத்துக்கொண்டு வந்த தையலம்மாள், விரிக்க இடமில்லாமல், மூட்டையிலேயே முளைத்துவிடுமோ என்று களத்தோரம் கலங்கி நிற்கிறாள். பள்ளி விட்டதும் வகுப்பு முழுக்க அங்கே போய்க் கல்லையெல்லாம் உருட்டி, அவரவர் உளுந்து, மிளகாய் எல்லாவற்றையும் ஒரே மூலையில் ஒரே குவியலாக்கிவிட்டது. பச்சையப்பன் ஓடிவந்து யார் வேலை இது என்று குதித்தார்.

"நான்தான் தாத்தா. உன் உளுந்து எப்பவோ காஞ்சிட்ச்சி. நீ எடத்த வுடலன்னா ஊரே ஹேங் ஆவும்," என்றாள் அருள்மொழி.

"இன்னாடி ஹேங்கு? எவன் சொன்னான்?"

மொத்த வகுப்பும் என்னைக் காட்டியது. நான் மின்கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றேன்; கம்பம் என் அகலத்துக்குப் போதவில்லை.

கிடைத்த திட்டுகளை எழுதத் தாள் போதாது. ஆனால் தையலம்மாள் நெல் இப்போது களம் நிறையக் காய்கிறது. பச்சையப்பன் வீட்டு இட்லிக்கு இனி மிளகாய்ப்பொடி தனியாக வேண்டாம், அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை, நீ லீவு போட்டு வர வேண்டாம். உன் பிள்ளைகளுக்குப் பல்லும் படிப்பும் நன்றாக முளைக்கட்டும்.

அன்புடன்,
பலராமன்

பி.கு.: லீவு போட்டு உடனே வா. கடிதத்தை ஒட்டுவதற்குள் மறுபடி மேகம் கட்டியது. இடத்தைப் பிடித்துவிட்டு உபயோகிக்காதவர் வேறு யார் என்று பிள்ளைகள் ஊரைச் சுற்றினார்கள். பொங்கலுக்கு மட்டும் நீ திறக்கிற வீடு அகப்பட்டது. சாவி கொடுத்தது உன் அக்கா. நெல் இப்போது உன் ஹாலிலும் பெட்ரூமிலும் ஃபேன் காற்றில் காய்கிறது. எல்லா அறையும் உனக்குத் தேவைதான் என்று நீயே வந்து அருள்மொழியிடம் நிரூபித்தால்தான் அது நகரும்.