பட்டியலில் இன்னொருவர்

"உள்ளே யார் யார் இருக்காங்கன்னு பார்த்துட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுய்யா! இன்னொரு தடவை யாரோட வேலையாவது பாதியில போச்சு, உன் வேலையும் போச்சு!" என்று கத்திவிட்டுப் போனார் மேனேஜர்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் பயபக்தியோடு கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினார். சர்வருக்குள் நுழைந்திருப்பவர்களின் பட்டியல் வந்தது. இரண்டே வரி. இரண்டும் அவர் பெயர்.

முதல் வரி அவரேதான். 'இது நீ' என்று காட்டும் அம்புக்குறி அதற்கு முன்னால் இருந்தது. இரண்டாவது?

"எந்தப் படுபாவி என் பாஸ்வேர்டைத் திருடினான்?"

இரண்டாவது வரிக்கு எதிரே இருந்த எண்ணைத் தட்டி அந்த ஆளை வெளியேற்றினார். மறுபடி பட்டியல் கேட்டார். அது திரும்பி வந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மீண்டும் விரட்டினார். புது பாஸ்வேர்டு அவரைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அப்படியும் வந்துவிட்டது. பதற்றத்தில் தன் எண்ணையே தட்டித் தன்னையே வெளியேற்றிக்கொண்டார்.

தட்டுத்தடுமாறி அவர் திரும்ப நுழைவதற்குள், தேங்கிக் கிடந்த புகார்களுக்கெல்லாம் அவர் பெயரில் பதில் போயிருந்தது. ஒவ்வொன்றிலும், 'சிரமத்துக்கு வருந்துகிறேன்.' அவர் ஜென்மத்தில் யாரிடமும் வருந்தியதில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே! எல்லாக் கம்ப்ளெயின்ட்டையும் முடிச்சிட்டியே! இப்பதான்யா நீ மனுஷன்!"

'அது நான் இல்லை' என்று சொன்னால் வேலை போய்விடும். அசடு வழியச் சிரித்துவைத்தார்.

மேனேஜர் நகர்ந்ததும், அந்த இன்னொருவர் எங்கிருந்து நுழைகிறார் என்று தேடினார். அவருடைய சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து. அப்பாடா, மனைவியின் வேலைதான்! உடனே போன் போட்டார்.

"என் கம்ப்யூட்டரை ஏன் தொட்டே?"

"நான் எங்கே தொட்டேன்? நீங்கதானே மத்தியானத்துலேர்ந்து அதைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"விளையாடாதே! நான் ஆபீஸ்ல இருக்கேன்!"

மனைவிக்குப் பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"யாரும்மா போன்ல?" என்று ஒரு குரல் கனிவாகக் கேட்டது. அவருடைய குரல்.

வேலை போனால் போகட்டும், வீடே கைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறதே!

"அது நான் இல்லே! உடனே வெளியே ஓடிடு! நான் இப்பவே கிளம்பி வரேன்!"

மனைவி குரலைத் தாழ்த்தி ரகசியமாகச் சொன்னாள்:

"அவசரப்படாதீங்க. இவர் பாத்திரமெல்லாம் கழுவி வச்சுட்டு, எங்கம்மாவுக்கு போன் போட்டு உடம்பை விசாரிச்சார். நீங்க அங்கேயே இருந்துக்குங்க."